நான்கெழுத்துப் பெயர்: எபிரேய வேதத்தில் கடவுளின் பெயர் பற்றி ஓர் எளிய விளக்கம்

பழைய ஏற்பாட்டில் கடவுளின் பெயர் என்ன என்று கேட்டால் மூன்று விதமான பதில் வரும். ‘யேகோவா’ என்பார் ஒருவர். ‘யாவே’ என்று திருத்துவார் இன்னொருவர். ‘அது ரகசியப் பெயர், யாருக்கும் தெரியாது’ என்று மூன்றாமவர் முடித்துவிடுவார். போதாக்குறைக்கு, அந்தப் பெயர் மூச்சை இழுத்து விடும் ஓசைதான் என்றொரு செய்தியும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த மூச்சுக் கதைக்கு எபிரேய வேதத்தில் ஒரு வரி ஆதாரமும் கிடையாது. அதை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். மற்ற மூன்றிலும் கொஞ்சம் உண்மையும் நிறையக் குழப்பமும் இருக்கின்றன. அந்தப் பெயர் எழுதப்படும் விதம் வேறு, வாசிக்கப்படும் விதம் வேறு, மொழிபெயர்க்கப்படும் விதம் வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் குழப்பம்.

எபிரேய வேதம் என்று இங்கே சொல்வது யூதர்களின் வேத நூல் தொகுப்பை. சீர்திருத்தத் திருச்சபைகள் பழைய ஏற்பாடு என்று வைத்திருப்பதும் அதே நூல்கள்தான். அடுக்கியிருக்கும் வரிசை மட்டும் மாறும்.

## பெயர் எது, பட்டம் எது

எபிரேய வேதத்தில் கடவுளைக் குறிக்கப் பல சொற்கள் உண்டு. அதிகம் வருபவை மூன்று.

‘எலோஹிம்’ என்றால் கடவுள், தெய்வம். இது பொதுச்சொல். இஸ்ரவேலின் கடவுளுக்கும் இதே சொல்தான், பத்துக் கட்டளையில் வரும் ‘வேறே தேவர்களுக்கும்’ இதே சொல்தான். ‘அதோனாய்’ என்றால் என் ஆண்டவர், என் எஜமான். இது மரியாதைச் சொல். இதன் அடிச்சொல்லான ‘அதோன்’ மனித எஜமானுக்கும் அரசனுக்கும் வழங்கும்.

மூன்றாவதுதான் பெயர். யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கு எபிரேய எழுத்துகள், வலமிருந்து இடமாக. நம் ஒலிப்படி ய்-ஹ்-வ்-ஹ். எபிரேய வேதத்தில் இது சுமார் 6,800 இடங்களில் வருகிறது. எலோஹிம் வருவதோ 2,600 இடங்கள் அளவில்தான். இந்த நான்கெழுத்து ஒருமுறைகூட வேறு தெய்வத்தைக் குறிக்க வருவதில்லை. இது இன்னாருடைய பெயர் என்று சுட்டும் சிறப்புப்பெயர். பதவியோ வருணனையோ அல்ல.

இந்த வேறுபாடு முக்கியமில்லை என்று தோன்றினால், 1 இராஜாக்கள் 18-ஐ எடுத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் எலியா மக்களைக் கேட்கும் கேள்வியைத் தமிழில் ‘கர்த்தர் தெய்வமானால் அவரைப் பின்பற்றுங்கள், பாகால் தெய்வமானால் அவனைப் பின்பற்றுங்கள்’ என்று படிக்கிறோம். தமிழில் ஒரு பக்கம் ‘கர்த்தர்’ என்ற பட்டமும் மறுபக்கம் பாகால் என்ற பெயரும் நிற்பதால் கேள்வி சற்று மழுங்கிவிடுகிறது. எபிரேயத்தில் அங்கே மோதுவன இரண்டு பெயர்கள். ய்-ஹ்-வ்-ஹ் தெய்வமா, பாகால் தெய்வமா? கேட்பவரின் பெயரிலேயே பதில் இருக்கிறது: எலியா, எபிரேயத்தில் ‘எலியாஹு’, என்றால் ‘என் தெய்வம் யாஹு’. அந்த ‘யாஹு’ நான்கெழுத்துப் பெயரின் சுருக்கம்.

சுருங்கச் சொன்னால், எலோஹிம் பொதுச்சொல், அதோனாய் மரியாதைச் சொல், நான்கெழுத்து மட்டுமே பெயர்.

## எல்லோரும் சொன்ன காலம்

‘ரகசியப் பெயர்’ என்ற கருத்தோடு பழைய ஆதாரங்கள் ஒத்துப்போவதில்லை. ரூத் 2:4-இல் போவாஸ் வயலுக்கு வந்ததும் அறுவடைக் கூலியாட்களை இந்தப் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறார். அவர்களும் இதே பெயரைச் சொல்லித் திரும்ப வாழ்த்துகிறார்கள். அன்றாட வணக்கத்தில் புழங்கிய பெயர் அது.

வேதத்துக்கு வெளியேயும் சான்று கிடைத்திருக்கிறது. இன்றைய ஜோர்தானில் 1868-இல் வெளியுலகின் கண்ணில் பட்ட மேசா கல்வெட்டு மோவாப் நாட்டு அரசன் வெட்டியது, கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இஸ்ரவேலிடமிருந்து ய்-ஹ்-வ்-ஹ்-இன் பொருட்களைக் கைப்பற்றினேன் என்று எதிரி அரசன் அதில் எழுதி வைத்திருக்கிறான். 1979-இல் எருசலேமின் கேதேஃப் ஹின்னோம் கல்லறைக் குகையில் இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. பெரியதை விரித்தால் 10 சென்டிமீட்டர்கூட நீளம் இல்லை. எண்ணாகமம் 6-இல் வரும் ஆசாரிய ஆசீர்வாதத்தின் வரிகள் அதில் இந்தப் பெயரோடு கீறப்பட்டிருக்கின்றன. காலம் ஏறத்தாழ கி.மு. 600. லாகீஸ் கோட்டையில் 1935-இல் கிடைத்த பானை ஓட்டுக் கடிதங்கள் பாபிலோன் படை யூதாவை அழிப்பதற்குச் சற்று முன் எழுதப்பட்டவை. ‘என் ஆண்டவர் நற்செய்தி கேட்க ய்-ஹ்-வ்-ஹ் அருள்வாராக’ என்ற மாதிரியில் அவை தொடங்குகின்றன. நாம் கடிதத்தில் ‘நலம், நலமறிய ஆவல்’ எழுதும் இடத்தில் ஒரு படைவீரர் கடவுளின் பெயரை எழுதியிருக்கிறார்.

## சொல்வதை நிறுத்தியது ஏன்

நம் பாட்டிமார் கணவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். ரேஷன் கார்டில் அது எழுதியிருக்கும், ஊருக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுபவர் கேட்டால் மட்டும் பக்கத்தில் நிற்கும் பேரனைப் பார்த்து ‘நீ சொல்லுடா’ என்பார்கள். வீட்டில் ‘பெரியவன் அப்பா’ என்றோ ‘அவங்க’ என்றோ ஓடும். பெயர் தெரியாததால் அல்ல, ரகசியம் என்பதாலும் அல்ல. மரியாதையால் வாய் அந்த ஒலியைத் தவிர்க்கிறது.

யூதர்களிடம் நடந்ததும் இந்த வகைதான். யூதர்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டிருந்த சிறையிருப்புக் காலத்துக்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் பெயரைப் பேச்சில் தவிர்க்கும் வழக்கம் மெல்ல மெல்ல வலுத்தது. ‘உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக’ என்ற கட்டளைக்கு அவர்கள் வேலி கட்டிய விதம் இது: சொல்லவே சொல்லாவிட்டால் வீணாகச் சொல்லும் வாய்ப்பே இல்லை அல்லவா? கி.பி. முதல் நூற்றாண்டில், பெயரைப் பற்றிப் பேச எனக்கு அனுமதியில்லை என்று வரலாற்றாசிரியர் யோசேஃபஸ் எழுதுகிறார்.

ஆனால் முற்றிலும் நின்றுவிடவில்லை. யூத சமயச் சட்டங்களைத் தொகுத்த மிஷ்னா, எருசலேம் ஆலயத்தில் ஆசாரியர்கள் ஆசீர்வாதம் கூறும்போது பெயரை எழுதியபடியே சொன்னார்கள், வெளியூர்களில் மாற்றுச் சொல்லைப் பயன்படுத்தினார்கள் என்கிறது. பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியர் வாயிலிருந்து பெயர் வந்ததும் முற்றத்தில் நின்றவர்கள் முகங்குப்புற விழுந்து வணங்கினார்கள் என்றும் அது விவரிக்கிறது. கி.பி. 70-இல் ரோமப்படை ஆலயத்தை இடித்தது. பெயரை ஓசையோடு சொல்ல மிஞ்சியிருந்த இடமும் போயிற்று.

## எழுத்தில் உயிர் இல்லை

ஒலி தொலைந்ததற்கு எபிரேய எழுத்து முறையும் ஒரு காரணம். பண்டைய எபிரேயத்தில் மெய்யெழுத்துகளை மட்டுமே முறையாக எழுதுவார்கள். உயிரொலியைப் படிப்பவர் தானே சேர்த்துக்கொள்வார். நம் பழைய ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இருக்காது, எகர ஏகாரம் பிரிந்திருக்காது. தமிழ் தெரிந்தவர் இடம் பார்த்துச் சரியாகப் படித்துவிடுவார். அங்கே விடுபட்டது இதைவிட அதிகம், அவ்வளவுதான். பேச்சில் வாழும் சொல்லுக்கு அது குறையே அல்ல. வாயே சொல்லாத சொல்லுக்கு? எழுத்து நிற்கும், உயிரொலி போய்விடும்.

கி.பி. 7 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை கலிலேயாவின் திபேரியாவில் உழைத்த அறிஞர்கள் வேதத்தின் வாசிப்பு மறக்கப்படாதிருக்க எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளையும் கோடுகளையும் இட்டார்கள். இவர்களை மசோரேத்துகள் என்பார்கள். மரபைக் கைமாற்றித் தருபவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மெய்யெழுத்து ஒன்றைக்கூட அவர்கள் மாற்றவில்லை. எழுதியிருப்பது ஒன்று, வாசிக்க வேண்டியது வேறொன்று என்று வந்தால், எழுத்தை அப்படியே விட்டுவிட்டு வாசிக்க வேண்டிய சொல்லின் உயிர்க்குறிகளை அதன் மேல் போட்டார்கள். எழுதியதற்கு ‘கெதீவ்’ என்றும் வாசிப்புக்கு ‘கெரே’ என்றும் பெயர்.

நான்கெழுத்துப் பெயர் வரும் இடமெல்லாம் வாசிப்பு ‘அதோனாய்’. மூலத்தில் ஏற்கெனவே பக்கத்தில் ‘அதோனாய்’ இருந்தால் ‘அதோனாய் அதோனாய்’ என்று இரட்டிக்கும் என்பதால் அங்கே மட்டும் ‘எலோஹிம்’ என்று வாசிப்பார்கள். ஆயிரக்கணக்கான இடங்களில் ஓரக்குறிப்பு போட முடியாது; வாசிப்பவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். தவறு நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

## ‘யேகோவா’ உருவான விதம்

படிப்படியாகப் பார்க்கலாம்.

‘அதோனாய்’ என்ற சொல்லில் மூன்று உயிரொலிகள்: முதலில் மிகக் குறுகிய அரை ‘அ’, பிறகு ‘ஓ’, பிறகு ‘ஆ’. முதல் எழுத்து தொண்டையில் பிறப்பது என்பதால்தான் அங்கே அந்த அரையொலி ‘அ’ சாயலில் இருக்கிறது. யோத் தொண்டை எழுத்து அல்ல. அதே அரையொலியை யோத்துக்குக் கீழே போடும்போது எபிரேய இலக்கணப்படி அது ‘எ’ சாயலுக்கு மாறும்.

இப்போது நான்கு மெய்களோடு இவற்றைக் கோத்துப் பாருங்கள்: ய்+எ, ஹ்+ஓ, வ்+ஆ, ஹ். ‘யெஹோவாஹ்’. பெயரின் மெய்களும் மாற்றுச் சொல்லின் உயிர்களும் சேர்ந்த கலவை. எபிரேயம் அறிந்த யூதர் யாரும் இதை இப்படிப் படித்ததில்லை. குறிகளைப் பார்த்ததும் அவர் வாய் ‘அதோனாய்’ என்றே சொல்லும். மரபு அறியாமல் எழுத்தையும் குறியையும் சேர்த்துக் கூட்டிப் படித்த ஐரோப்பியக் கிறிஸ்தவ அறிஞர்களிடம்தான் இந்த வடிவம் பிறந்தது. 13-ஆம் நூற்றாண்டு லத்தீன் நூல்களில் தலைகாட்டி, 1530-இல் வில்லியம் டின்டேலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஏறி, 1611-இன் ஜேம்ஸ் அரசர் பதிப்பில் சில இடங்களில் அமர்ந்தது. அந்த வழியில் நமக்கும் வந்தது. நாம் நடுவில் ஹகரத்துக்குப் பதில் ககரம் போட்டு ‘யேகோவா’ ஆக்கிக்கொண்டோம்.

அந்த உயிர்க்குறிகள் பெயருக்கே சொந்தமானவையாக இருக்கலாமே என்று சிலர் வாதிடுவதுண்டு. மசோரேத்துப் பிரதிகளே அதற்குப் பதில் சொல்கின்றன. ‘அதோனாய்’ பக்கத்தில் வரும் இடங்களில் இதே நான்கெழுத்து ‘எலோஹிம்’ சொல்லின் குறிகளோடு, எழுத்துக்கூட்டினால் ‘யெஹோவிஹ்’ என்று வரும்படி எழுதப்பட்டிருக்கிறது. ஒரே பெயருக்கு, பக்கத்துச் சொல்லைப் பொறுத்து இரண்டு உச்சரிப்பு இருக்க முடியாது. 1008-ஆம் ஆண்டுவாக்கில் எழுதப்பட்டு இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் லெனின்கிராத் சுவடியிலோ பெரும்பாலான இடங்களில் ‘ஓ’ குறியே கிடையாது.

இதனால் ‘யேகோவா’ என்று பாடுவது பாவம் என்றோ பொய் என்றோ ஆகிவிடாது. பல நூற்றாண்டாகப் பல மொழிகளில் பக்தியோடு புழங்கும் சொல் அது. மூல உச்சரிப்பு என்று மட்டும் அதைச் சொல்ல முடியாது.

## அப்படியானால் ‘யாவே’?

இது அறிஞர்கள் மீட்டெடுத்த வடிவம். ஆதாரங்கள் மூன்று பக்கமிருந்து வருகின்றன.

முதலாவது, வேதத்திலேயே உள்ள சுருக்கம். ‘யாஹ்’ என்று சுமார் 50 இடங்களில் தனியாக வருகிறது. முதல் உயிரொலி ‘அ’ வகை என்பதற்கு இது வலுவான சான்று. அல்லேலூயா என்பது ‘ஹலெலு யாஹ்’, ‘யாஹ்வைத் துதியுங்கள்’. ஆட்பெயர்களின் ஈற்றில் ‘யாஹு’ வருகிறது: ஏசாயா, எரேமியா எல்லாம் எபிரேயத்தில் ‘யெஷயாஹு’, ‘யிர்மெயாஹு’. பெயரின் முன்னால் வரும்போது அது ‘யெஹோ’ அல்லது ‘யோ’ என்று குறுகும். யோனத்தான், யோசுவா, யோவான் அப்படிப்பட்டவை. இரண்டாவது, கிரேக்க எழுத்தாளர்கள். கிரேக்கத்தில் உயிரெழுத்து உண்டு என்பதால் அவர்கள் குறித்தது நமக்கு உதவுகிறது. 5-ஆம் நூற்றாண்டின் தியோதொரேத், சமாரியர்கள் இதை ‘யாபே’ என்று ஒலிப்பதாக எழுதுகிறார். அக்காலக் கிரேக்கத்தில் அங்கே வரும் ‘பீட்டா’ எழுத்து ‘வ’ போல ஒலித்தது. மூன்றாவது, எபிரேய வினைச்சொல் இலக்கணம். அதைப் பொருள் பேசும் இடத்தில் பார்ப்போம்.

மூன்றும் ‘யாவே’ (சரியாகச் சொன்னால் ‘யஹ்வே’) என்ற வடிவத்தை நோக்கியே சாய்கின்றன. பெரும்பாலான ஆய்வாளர்கள் இதை ஏற்கிறார்கள். அடித்துச் சொல்ல ஒலிப்பதிவா இருக்கிறது? இன்னொரு செய்தி: கத்தோலிக்கத் திருச்சபை 2008-இல் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, வழிபாட்டிலும் அங்கே பாடும் பாடல்களிலும் இந்தப் பெயரை ‘யாவே’ என்று ஒலிக்கக் கூடாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: பெயரின் மெய்யெழுத்துகள் ஒருநாளும் தொலையவில்லை, எல்லாப் பிரதியிலும் இருக்கின்றன. தொலைந்தது உச்சரிப்பு. ‘யேகோவா’ கலப்பு வடிவம், ‘யாவே’ நல்ல ஆதாரமுள்ள ஊகம்.

## பொருள் என்ன

பெயருக்கு வேதமே விளக்கம் தரும் இடம் ஒன்றுண்டு: யாத்திராகமம் 3. எரியும் முட்செடி அருகே நிற்கும் மோசே, ‘உம்முடைய பெயர் என்ன என்று மக்கள் கேட்டால் என்ன சொல்ல?’ என்கிறார். பதில்: ‘எஹ்யே அஷேர் எஹ்யே’. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘இருக்கிறவராக இருக்கிறேன்’. அடுத்த வசனத்திலேயே நான்கெழுத்துப் பெயர் வருகிறது.

‘எஹ்யே’ என்பது ‘இரு’ என்னும் வினையின் தன்மை ஒருமை வடிவம். எபிரேய வினையில் நம் மொழி போல நிகழ்காலமும் எதிர்காலமும் தனித்தனியாகப் பிரியாது. முடிந்த செயல், முடியாத செயல் என்றே முக்கியமாகப் பிரியும். எனவே ‘எஹ்யே’ என்றால் ‘இருக்கிறேன்’ என்றும் கொள்ளலாம், ‘இருப்பேன்’ என்றும் கொள்ளலாம். தன்மையில் ‘எஹ்யே’ என்றால், அதே வினையின் பழைய வடிவத்தில் படர்க்கைக்கு ‘அவர் இருக்கிறார், இருப்பார்’ என்பது நான்கெழுத்துப் பெயரோடு பொருந்துகிறது. கடவுள் தன்னைச் சொல்லும்போது ‘இருப்பேன்’. மக்கள் அவரைச் சொல்லும்போது ‘இருப்பார்’. ‘இருக்கச் செய்பவர்’ என்று கொள்ளும் அறிஞர்களும் உண்டு. அந்த வினையின் பிறவினை வடிவமும் இதே எழுத்துகளில் அடங்கிவிடும்.

கிறிஸ்தவப் பிரசங்கங்களில் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ‘தானாகவே, யாரையும் சாராமல், நித்தியமாக இருப்பவர்’ என்பது. இந்த வாசிப்புக்குக் கிரேக்க மொழிபெயர்ப்பு ஒரு காரணம். அதில் ‘நானே இருப்பவர்’ என்ற தொனியில் வந்ததும் தத்துவம் படித்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் கதையின் ஓட்டம் வேறு பக்கம் இழுக்கிறது. இரண்டு வசனம் முன்னால் பாருங்கள். பார்வோனிடம் போக நான் யார் என்று மோசே தயங்க, ‘நான் உன்னோடே இருப்பேன்’ என்கிறார் கடவுள். அந்த ‘இருப்பேன்’ எபிரேயத்தில் ‘எஹ்யே’தான், அதே சொல். மோசேக்கு அப்போது தேவைப்பட்டது இருத்தல் பற்றிய தத்துவமா, கூட வருவேன் என்ற உறுதியா? உறுதிதான் என்பது என் வாசிப்பு. ‘இருக்கிறவராக’ என்பதைவிட ‘இருப்பேன்’ என்பது இந்த இடத்துக்கு நெருக்கம்.

பெயருக்கு இன்னொரு விளக்கம் யாத்திராகமம் 34:6-7-இல் இருக்கிறது. பொன் கன்றுக்குட்டி விவகாரத்துக்குப் பின் கடவுளே தம் பெயரைக் கூறி, இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் மகா தயையும் சத்தியமும் உள்ளவர் என்று அடுக்குகிறார். அங்கே இலக்கணம் பேசப்படுவதில்லை, குணம் பேசப்படுகிறது. பிற்காலத்தில் சங்கீதம் 103-உம் யோனா 4-உம் எடுத்துச் சொல்வது இந்த வரியைத்தான். யோனா மட்டும் அதைப் புகாராகச் சொல்கிறார்: நீர் இப்படிப்பட்டவர் என்று தெரிந்துதான் நினிவேக்குப் போக மாட்டேன் என்று ஓடினேன் என்கிறார்!

## பேனா நிற்கும் இடம்

இந்தப் பெயருக்கு யூத மரபு கொடுக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தோரா சுருள் எழுதும் எழுத்தரின் மேசைக்குப் போக வேண்டும். மோசேயின் ஐந்து நூல்களையும் இன்றும் தோலில், இறகு அல்லது நாணல் பேனாவால், மை தொட்டுக் கையால்தான் எழுதுகிறார்கள். மொத்தம் 3,04,805 எழுத்துகள். அதில் நான்கெழுத்துப் பெயர் 1,820 முறை.

பெயர் வரும் இடத்துக்கு வந்ததும், திருப்பெயரின் புனிதத்துக்காக எழுதுகிறேன் என்ற நினைவோடுதான் எழுத்தர் எழுத வேண்டும். எழுதி முடியும்வரை பேச்சு கூடாது. அரசனே வந்து வணக்கம் சொன்னாலும் பதில் சொல்லக் கூடாது என்பது சட்டம். மற்ற சொற்களில் பிழை வந்தால் மையைச் சுரண்டித் திருத்தலாம். பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. வரக் கூடாத இடத்தில் பெயரை எழுதிவிட்டால் பொதுவாக அந்தத் தோல் தாளையே எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். ஒரு தாளில் பல பத்திகள் இருப்பதால் சில நாள் உழைப்பு போகும். பெயருக்கு முன்னால் ஒட்டிய உருபை அழிக்கலாம். எலோஹிம் போன்ற புனிதப் பெயர்களின் பின்னால் விகுதி ஒட்டியிருந்தால் அதை அழிக்கக் கூடாது. பெயர் அதையும் புனிதமாக்கிவிட்டது என்பது நியதி.

எங்கே தவறு வரும்? ‘யூதா’ என்ற பெயரில். எபிரேயத்தில் அது யோத், ஹே, வாவ், தாலெத், ஹே. தாலெத் ஒன்றை விட்டுவிட்டால் மீதி நிற்பது நான்கெழுத்துப் பெயர். திருப்பெயரை எழுத வேண்டிய இடத்தில் ஒருவர் ‘யூதா’ என்று எழுத நினைத்து, தாலெத்தை மறந்ததால் சரியான எழுத்துகளே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று மிஷ்னாவை விரித்துப் பேசும் யூத நூலான தல்மூத் விவாதிக்கிறது. எழுத்து சரி, நினைவு தவறு. அதே எழுத்துகளின் மேல் மறுபடி பேனாவை ஓட்டிப் புனிதமாக்கலாம் என்றார் ஒருவர். அது சிறப்பான முறை ஆகாது என்றார்கள் மற்றவர்கள்.

பெயர் எழுதிய பழைய தாள்களைக் குப்பையில் போடுவதில்லை. ‘கெனிசா’ என்னும் அறையில் சேர்த்து வைத்துப் பிறகு புதைப்பார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் நூற்றாண்டுக் கணக்கில் இப்படிச் சேர்ந்தவைதான், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வாளர்கள் கைக்கு வந்து வரலாற்றையே திருத்தி எழுதவைத்தன.

பெயரின் நிழல் எண்களிலும் விழுந்திருக்கிறது. எபிரேயத்தில் எழுத்துகளே எண்களும்கூட: யோத் 10, ஹே 5, வாவ் 6. 15 எழுத யோத்-ஹே, 16 எழுத யோத்-வாவ் வர வேண்டும். இரண்டும் பெயரின் துண்டுகள். அதனால் 9+6 என்றும் 9+7 என்றும் எழுதுவார்கள். ஷெவாத் மாதம் 15-ஆம் நாள் வரும் மரங்களின் பண்டிகைக்கு ‘தூ பிஷ்வாத்’ என்று பெயர். அந்தத் ‘தூ’ என்பது 9-ஐயும் 6-ஐயும் குறிக்கும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் படித்தது.

கிரேக்கத்தில் வேதம் படித்த பழைய யூதர்களும் இதில் தனி வழி வைத்திருந்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க உபாகமச் சுவடி ஒன்றில், கிரேக்க வரிகளின் நடுவே இந்தப் பெயர் மட்டும் எபிரேய எழுத்தில் இருக்கிறது. எபிரேயம் தெரியாதவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதை வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த 4-ஆம் நூற்றாண்டின் ஜெரோம் எழுதி வைத்திருக்கிறார்: இடமிருந்து வலமாக, கிரேக்க எழுத்தென்று நினைத்து, ‘பிபி’ என்று படித்தார்களாம். எபிரேய ஹே, கிரேக்கத்தின் ‘பை’ (Π) எழுத்தைப் போலத் தோன்றும். யோத்தும் வாவும் வெறும் கோடுகள்.

## ‘யேகோவா யீரே’ கடவுளின் பெயரா

நம் ஜெபக்கூட்டங்களில் ‘கடவுளின் நாமங்கள்’ என்று ஒரு பட்டியல் ஓதப்படும்: யேகோவா யீரே, யேகோவா நிசி, யேகோவா ஷாலோம், யேகோவா ரஃபா. வசனத்தைத் திறந்து பார்த்தால் கொஞ்சம் வியப்பாக இருக்கும். ஆதியாகமம் 22:14-இல் ஆபிரகாம் யேகோவாயீரே என்று பெயர் வைத்தது அந்த இடத்துக்கு. யாத்திராகமம் 17:15-இல் மோசே யேகோவாநிசி என்று பெயர் வைத்தது பலிபீடத்துக்கு. நியாயாதிபதிகள் 6:24-இல் கிதியோன் வைத்ததும் பலிபீடத்துக்கே. எசேக்கியேலின் கடைசி வசனத்தில் வரும் யேகோவா ஷம்மா ஒரு நகரத்தின் பெயர். ‘ரஃபா’ பெயரே அல்ல. ‘நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்’ என்ற வாக்கியத்தின் துண்டு. இவை கடவுள் செய்ததை நினைவில் வைத்த பெயர்கள்; அவருக்கே சூட்டிய கூடுதல் பெயர்கள் அல்ல. ‘சேனைகளின் கர்த்தர்’ மட்டும் வேறு வகை. அது அவரையே குறிக்கும் உண்மையான பட்டம், தீர்க்கதரிசிகளிடம் அடிக்கடி வரும்.

## தமிழ் வேதாகமத்தில் பெயரைக் கண்டுபிடிப்பது

சீர்திருத்தச் சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் வழி எளிது. பழைய ஏற்பாட்டில் ‘கர்த்தர்’ என்று இருந்தால் பெரும்பாலும் மூலத்தில் நான்கெழுத்து. ‘தேவன்’ என்றால் எலோஹிம். ‘ஆண்டவர்’ என்றால் பெரும்பாலும் அதோனாய். ஏசாயா 6-இல் ‘ஆண்டவர்’ சிங்காசனத்தில் வீற்றிருக்கிறார், சேராபீன்கள் ‘சேனைகளின் கர்த்தரை’ப் புகழ்கிறார்கள், மூலத்திலும் முதலில் அதோனாய், பிறகு பெயர். யாத்திராகமம் 6:3 போன்ற சில இடங்களில் ‘யேகோவா’ என்றே விட்டிருக்கிறார்கள்.

1995-இன் திருவிவிலியத்தில் கணக்கு மாறுகிறது. அங்கே நான்கெழுத்துக்கு ‘ஆண்டவர்’, அதோனாய்க்குத் ‘தலைவர்’. சங்கீதம் 110-இன் முதல் வரி ஒன்றில் ‘கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி’, மற்றதில் ‘ஆண்டவர் என் தலைவரிடம்’. ஒரே ‘ஆண்டவர்’ இரண்டு பதிப்பிலும் இரண்டு வேறு எபிரேயச் சொல்லுக்கு நிற்கிறது. இரண்டு சபைக்காரர்கள் சேர்ந்து படிக்கும்போது இதை முதலில் பேசிக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் வாதம் சொல்லிலேயே சிக்கிக்கொள்ளும்.

கையோடு பார்க்க ஒரு சோதனை. சங்கீதம் 14-ஐயும் 53-ஐயும் பக்கம் பக்கமாக வையுங்கள். ஏறக்குறைய ஒரே பாட்டு. 14:2-இல் பரலோகத்திலிருந்து பார்ப்பவர் ‘கர்த்தர்’, 53:2-இல் ‘தேவன்’. சங்கீதப் புத்தகத்தின் ஒரு பகுதியை, 42 முதல் 83 வரை, தொகுத்தவர்கள் பெயரைவிட எலோஹிம் என்ற சொல்லையே விரும்பியிருக்கிறார்கள்; தமிழிலும் அந்தத் தடம் அழியவில்லை.

புதிய ஏற்பாட்டுக்கு இந்தச் சூத்திரம் செல்லாது. நமக்குக் கிடைத்துள்ள கிரேக்கக் கைப்பிரதிகளில் நான்கெழுத்து இல்லை. பெயருக்கும் மரியாதைச் சொல்லுக்கும் ‘கூரியோஸ்’ என்ற ஒரே சொல்தான். அதனால் அங்கே ‘கர்த்தர்’ என்று கண்டால் வசனத்தின் சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய ஏற்பாட்டு மேற்கோளாக இருந்தால், மூல வசனத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்பதே பிழையில்லாத வழி. ஆட்பெயர்களை விட்டுவிட்டால், பெயரின் சுருக்கம் புதிய ஏற்பாட்டில் ஒலிப்பது வெளிப்படுத்தின விசேஷம் 19-ஆம் அதிகாரத்தில் மட்டும்: 1, 3, 4, 6 ஆகிய வசனங்களில், ‘அல்லேலூயா’ என்ற சொல்லுக்குள்.